சனி பகவான் கேட்பது உன் கையெழுத்து



சனிக்கிழமை சாயங்காலம் நம்ம நாட்டில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் நவக்கிரக மேடையைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். எள்ளு முடிச்சு, அகல் விளக்கு, நல்லெண்ணெய் வாசம், கறுப்புத் துணி. ஒன்பது பேர் நிற்கிற மேடையில் எட்டுப் பேரைச் சீக்கிரமாகக் கடந்துவிட்டு, ஒருத்தர் பக்கத்தில் மட்டும் எல்லாரும் நிற்போம். அதுவும் நேருக்கு நேர் நிற்க மாட்டோம். "பார்வை படும், கொஞ்சம் தள்ளி நில்லு" என்று பின்னால் இருந்து யாராவது ஒரு அத்தை சொல்லுவாங்க.

முருகன்கிட்ட "கூடவே இரு" என்று கேட்கிறோம். விநாயகர்கிட்ட "முன்னால வந்து நில்லு" என்று கேட்கிறோம். சனி பகவான்கிட்ட மட்டும் "தயவுசெய்து போயிடுங்க" என்று கேட்கிறோம். இந்த வேண்டுதலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போறேன். நான் ஜோதிடன் இல்லை. சிவில் எஞ்சினியரிங் கடைசி வருஷம் படிக்கிற மாணவன். சின்ன வயசிலிருந்து திருமுறை வகுப்புக்குப் போனவன். இந்த இரண்டும் சேர்ந்து எனக்குச் சொல்லித் தந்ததைத்தான் சொல்றேன்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு.

சனி சூரியனை ஒரு தடவை சுற்றி வர ஏறக்குறைய 29½ வருஷம் ஆகும். ராசி 12. அதனால ஒரு ராசியில் ஏறத்தாழ 2½ வருஷம் இருக்கிறார். நம்ம ராசிக்கு முந்தைய ராசி, நம்ம ராசி, அடுத்த ராசி என்று மூன்றையும் கடக்க 7½ வருஷம். அதுதான் ஏழரைச் சனி. விரயச் சனி, ஜென்மச் சனி, பாதச் சனி என்று மூன்று கட்டம். இதோடு எட்டாம் இடத்து அட்டமத்துச் சனி, நான்காம் இடத்து அர்த்தாஷ்டமச் சனி, ஏழாம் இடத்துக் கண்டகச் சனி.

இப்போ கூட்டிப் பாருங்க. சனி மீனத்தில் இருக்கும்போது கும்பம், மீனம், மேஷம் மூன்றுக்கும் ஏழரை. சிம்மத்துக்கு அட்டமம், தனுசுக்கு அர்த்தாஷ்டமம், கன்னிக்குக் கண்டகம். மொத்தம் 6 ராசி. பன்னிரண்டில் பாதி! எந்த நேரத்திலும் உலகத்தில் பாதி ராசிக்காரர்கள் சனியின் ஏதோ ஒரு பிடியில்தான் இருக்காங்க. அந்தப் பாதிப் பேரும் அழிஞ்சா போயிட்டாங்க? படிக்கிறாங்க, கல்யாணம் பண்றாங்க, வீடு வாங்குறாங்க, பிள்ளை பெத்துக்கிறாங்க.

இன்னொன்றும் இருக்கு. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான். திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். ஆக, ஏறக்குறைய ஒரு வருஷம், ஒரு மகர ராசிக்காரருக்கு ஒரு பஞ்சாங்கத்தில் ஏழரை முடிஞ்சாச்சு, இன்னொன்றில் முடியவில்லை. அந்த வருஷம் அவர் காலையில் எழுந்து எப்படி வேலைக்குப் போனார் என்பதை இரண்டு பஞ்சாங்கமும் சொல்லாது. அது அவர் கையில் இருந்தது.

ஜோதிடத்தைக் கேலி பண்ண இதைச் சொல்லவில்லை. பயத்துக்கு ஓர் அளவு வேணும் என்பதற்காகச் சொல்றேன்.

சரி, சனி என்றால் என்ன பொருள்? சனைச்சரன் என்ற வடசொல்லுக்கு மெதுவாக நடக்கிறவர் என்று பொருள். மந்தன் என்றும் பேர் உண்டு. தமிழில் காரி. அப்பா சூரியன், அம்மா சாயாதேவி. சாயை என்றால் நிழல். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் பிறந்த பிள்ளை அவர். ஜாதகத்தில் ஆயுள், உழைப்பு, தாமதம், நீதி, வேலையாட்கள் எல்லாம் அவருடைய பொறுப்பு.

சூரியன் என்றால் ராஜா, பதவி, அதிகாரம். அவர் உச்சம் பெறுவது மேஷத்தில், நீசம் அடைவது துலாத்தில். சனிக்கு அது அப்படியே தலைகீழ். மேஷத்தில் நீசம், துலாத்தில் உச்சம். துலாம் என்றால் தராசு. எனக்கு இதில் புரிவது இதுதான்: பிறப்பாலோ பதவியாலோ வருகிற அதிகாரம் ஒன்று, தராசில் நின்று, எடை போட்டு, உழைத்துச் சம்பாதிக்கிற அதிகாரம் இன்னொன்று. இரண்டாவது வகை அதிகாரத்துக்குத்தான் சனி காவல். அது சீக்கிரம் வராது. ஆனா வந்தா, யாரும் பிடுங்க முடியாது.

நம்ம சமூகத்துக்கு இது புதுசு இல்லை. நம்ம தாத்தா பாட்டிமார் விடியும் முன்னே இருட்டில் பெரட்டுக்கு நின்றவங்க. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஐந்தாறு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் களை எடுத்து, உரம் போட்டு, காத்திருந்தவங்க. உழைப்பும் காத்திருப்பும் சனியின் பாடம் என்றால், அந்தப் பாடத்தை நம்ம குடும்பங்கள் எப்பவோ படிச்சு முடிச்சாச்சு.

நளன் கதை எல்லாருக்கும் தெரியும். திருநள்ளாற்றில் சனி விலகியது நளனுக்கு என்பது தல வரலாறு. மகாபாரதத்தில் அவனைப் பிடித்தவன் பேர் கலி. பேர் எதுவானாலும் நடந்தது ஒன்றுதான். சூதாட்டத்தில் நாடு போச்சு, மனைவியைப் பிரிந்தான், உருவம்கூட மாறிப் போச்சு. இதுவரைக்கும்தான் நமக்கு ஞாபகம் இருக்கு. அடுத்து என்ன நடந்தது?

வாகுகன் என்ற பேரில் ருதுபர்ணன் என்ற ராஜாவிடம் தேரோட்டியாகச் சேர்ந்தான். சமைக்கவும் செய்தான். நிஷத நாட்டு அரசன் குதிரை லாயத்தில் கூலி வேலை! ஒரு நாள் வழியில் ருதுபர்ணன் ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு, அதில் எத்தனை இலை, எத்தனை காய் என்று சொல்லிவிட்டான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது. உடனே கேட்டான்: எனக்கு இந்த வித்தையைச் சொல்லித் தா, நான் உனக்குக் குதிரை வித்தையைச் சொல்லித் தர்றேன். எண்ணிக்கை வித்தையும் சூதின் ரகசியமும் அவனுக்குக் கிடைத்த அந்த நேரத்தில்தான் கலி அவன் உடம்பை விட்டு வெளியே வந்தான் என்கிறது பாரதம்.

கவனிங்க. எந்த விஷயத்தில் தோற்றானோ அந்த விஷயத்தைக் கற்றுக்கொண்ட பிறகுதான் பிடித்தது விட்டது. நாடு போனபோதும் அவனிடம் இருந்த குதிரை வித்தை போகவில்லை. அதைக் கொடுத்துத்தான் அடுத்த வித்தையை வாங்கினான். திருநள்ளாற்றில் நள தீர்த்தத்தில் குளிக்கிறோம். அங்கே மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், அதாவது சிவபெருமான். சனி பகவானுக்குத் தனிச் சந்நிதி. நளன் குளித்ததை நினைக்கிற நாம், அவன் படித்ததையும் நினைக்கணும்.

எங்க துறையில் ஒரு கட்டடம் எழுப்பும் முன் மண் பரிசோதனை செய்வாங்க. பூமியில் துளை போட்டு, எந்த ஆழத்தில் களிமண், எந்த ஆழத்தில் கெட்டியான மண், தண்ணீர் மட்டம் எங்கே என்று ஓர் அறிக்கை வரும். "இங்கே மண் ரொம்ப மென்மை" என்று அறிக்கை சொன்னால், யாரும் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடுவதில்லை. அதுக்கு ஏற்ற மாதிரி பைலிங் எவ்வளவு ஆழம் போகணும் என்று கணக்குப் போடுவோம். கடைசியில் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது மண் பரிசோதனை செய்தவர் இல்லை. பொறுப்பேற்கிற எஞ்சினியர். கட்டடத்துக்கு ஏதாவது ஆனா அவரைத்தான் கேட்பாங்க.

ஜாதகம் ஒரு மண் அறிக்கை. அதைப் படிக்கலாம், மதிக்கலாம். "இந்தக் காலம் மென்மையான மண், ஆழமா அடித்தளம் போடு" என்று அது சொல்லலாம். ஆனால் வாழ்க்கை என்கிற வரைபடத்தில் அறிக்கையையே கையெழுத்துப் போடச் சொன்னால் எப்படி?

எங்க வீட்டுக் கதை ஒன்று சொல்றேன். நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது அப்பா வேலை செய்த தொழிற்சாலையை மூடிட்டாங்க. அப்பாவுக்கு அப்போ அட்டமத்துச் சனி. வீட்டுக்கு வந்த எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. அப்பா ராத்திரி லோரி ஓட்டினார். பகலில் தெரிந்த ஒருத்தரோடு போய் ஏர்கோன் வேலை கற்றுக்கொண்டார். மூன்று வருஷம் அவர் சரியாகத் தூங்கியதை நான் பார்த்ததில்லை. பிறகு சொந்தமாக ஏர்கோன் பழுது பார்க்க ஆரம்பித்தார். மெல்ல மெல்ல நிமிர்ந்தோம். அப்போ எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? "குரு பார்வை வந்துடுச்சு."

கெட்டது வந்தது சனியால். நல்லது வந்தது குருவால். நடுவில் மூன்று வருஷம் லோரி ஓட்டின மனுஷன் பேர் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அப்பாவும் அதைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே இருப்பார். எனக்குத்தான் வருத்தம். பழியைக் கிரகத்துக்குக் கொடுக்கும்போது, நமக்கே தெரியாமல் பெருமையையும் சேர்த்துக் கொடுத்துடறோம். கொஞ்ச நாளில், "நான் எதுவுமே செய்யலை, எனக்கு எல்லாம் நடக்குது" என்ற நினைப்பு வந்துடும். அந்த நினைப்புதான் உண்மையான பீடை என்று நான் நினைக்கிறேன்.

நம்ம சமயம் இப்படிச் சொல்லவே இல்லை. வினையை மூன்றாகப் பிரிக்கிறது சைவ சித்தாந்தம். சேர்ந்து கிடக்கிற பழைய வினை, சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க எடுத்து வந்தது, பிராரத்தம். அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் செய்து சேர்ப்பது, ஆகாமியம். தமிழில் அதுக்கு ஏறுவினை என்று பேர். ஜாதகம் காட்டுவது எது? பிராரத்தத்தைத்தான். ஏறுவினை இன்னும் எழுதப்படவில்லை. இன்றைக்கு, இப்போ, நம்ம கையில் எழுதிக்கிட்டு இருக்கோம். வினை தானாக வந்து பலன் தராது, அது சடம். அதைக் கூட்டி வைப்பவன் இறைவன் என்பதும் சித்தாந்தம்தான். அப்படிப் பார்த்தால் கிரகங்கள் அவன் வைத்த கடிகாரம். கடிகாரத்தைப் பார்த்து நேரம் தெரிஞ்சுக்கலாம். கடிகாரத்துக்கு முன்னால் அழுது என்ன பயன்?

இதை நமக்குத் தைரியமாக வாழ்ந்து காட்டியவர் திருஞானசம்பந்தர். கோளறு திருப்பதிகத்தை நம்மில் பல பேர் மனப்பாடம் பண்ணியிருப்போம். திருமுறை ஓதும் விழாவில் பாடியும் இருப்போம். அது எந்தச் சூழ்நிலையில் பாடியது என்று யோசிச்சிருக்கோமா?

திருமறைக்காடு, அதாவது இன்றைய வேதாரண்யம். சம்பந்தரும் அப்பரும் அங்கே இருக்காங்க. மதுரையிலிருந்து பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அழைப்பு அனுப்புறாங்க. மன்னன் எதிர்ப் பக்கம் இருக்கிற ஊர். சம்பந்தர் புறப்படத் தயார். அப்போ அப்பர் தடுக்கிறார்: அங்கே இருப்பவர்கள் கொடியவர்கள், நாளும் கோளும் இப்போது நல்ல நிலையில் இல்லை, போக வேண்டாம்.

அப்பர் பயந்த சுபாவம் உள்ளவரா? நீற்றறையில் போட்டும், நஞ்சு கொடுத்தும், யானையை விட்டும், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் கலங்காதவர். தனக்கு நடந்தது இந்தப் பிள்ளைக்கு நடக்கக் கூடாதே என்ற தவிப்பில்தான் சொன்னார். வயசிலும் அனுபவத்திலும் எவ்வளவு பெரியவர்! சம்பந்தர் அவரை அப்பர் என்று அழைத்தவர், அந்தப் பிள்ளைக்கு அவர் அப்பா மாதிரி.

சம்பந்தர் எதிர்த்துப் பேசவில்லை. "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லவில்லை. கிரகம் பொய் என்றும் சொல்லவில்லை. கிரகங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, சனியையும் பேர் சொல்லி, சிவன் என் உள்ளத்தில் இருப்பதால் அவை எல்லாம் அடியாருக்கு நல்லவையே என்று பாடினார். பதினொரு பாட்டு. அதைக் கேட்ட அப்பர் சம்மதித்தார். சம்பந்தர் மதுரைக்குப் போனார். அங்கே அனல் வாதத்தில் நெருப்பில் இட்டும் வேகாத ஏடு எந்த ஊர்ப் பதிகம் தெரியுமா? திருநள்ளாற்றுப் பதிகம். அதனாலேயே அதுக்குப் பச்சைப் பதிகம் என்று பேர்.

அதிகாரம் எங்கே இருந்தது என்று பாருங்க. நட்சத்திரத்தில் இல்லை. அவருடைய உள்ளத்தில் இருந்தது, ஏனென்றால் அங்கே சிவன் இருந்தார். "எனக்குள்ள நான்தான் ராஜா" என்கிற திமிர் வேற, "எனக்குள்ள இறைவன் இருக்கான், அதனால நான் பொறுப்பா முடிவெடுப்பேன்" என்கிற தெளிவு வேற.

இந்த வருஷம் எனக்கு இது வெறும் கதையாக இல்லை. எனக்கு வயசு 22, மேஷ ராசி. திருக்கணிதப்படி ஏழரை ஆரம்பிச்சாச்சு. தொழிற்பயிற்சிக்குச் சரவாக்கில் ஒரு சாலைக் கட்டுமானத் தளத்தில் இடம் கிடைத்தது. அம்மா ஜாதகத்தை எடுத்துக்கிட்டுப் போனாங்க. விரயச் சனி, கடல் தாண்ட வேண்டாம், ஏழரை முடியட்டும் என்று சொல்லிட்டாங்க. ஏழரை முடிவது 2032-இல். எனக்கு அப்போ 29 வயசு.

அம்மா ஏன் பயப்படுறாங்க என்று எனக்குத் தெரியும். அப்பாவின் அந்த மூன்று வருஷத்தில் கடன்காரனுக்குப் பதில் சொன்னது அவங்கதான். அப்பர் பெருமானின் பயம் மாதிரி, அதுவும் அடிபட்ட அன்பு. அதனால நான் வாதாடவில்லை. ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கே தங்குவேன், மாசம் எவ்வளவு செலவு, எவ்வளவு அலவன்ஸ், தளத்தில் பாதுகாப்பு எப்படி, உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவேன். பன்னிரண்டாம் இடம் விரயத்துக்கு மட்டுமல்ல, வெளியூர் வாசத்துக்கும் அதுதான் இடம் என்றும் சொன்னேன். கடைசியாகச் சொன்னேன்: "அம்மா, அங்க எனக்கு நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் இது என் முடிவு. நான் சனி மேல பழி போட மாட்டேன்."

அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?" என்றாங்க.

அம்மாவின் பயம் இன்னும் போகவில்லை. சனிக்கிழமை விளக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நானும் கூடப் போறேன். விமான டிக்கெட் எடுத்தாச்சு. அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எதையும் நிரூபிக்க நான் போகவில்லை. என் பேரில் ஒரு முடிவு இருக்கணும், அவ்வளவுதான்.

நண்பர்களே, இதைப் படிச்சிட்டு யாரும் வீட்டில் போய்ச் சண்டை போடாதீங்க. பெரியவங்க சொல்வதைக் கேட்காமல் இருப்பது உள் அதிகாரம் இல்லை, அது வெறும் பிடிவாதம். விளக்கு ஏற்றுவதையும் நிறுத்த வேண்டாம். செய்கிற வேண்டுதலை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். நான் செய்கிற மூன்றைச் சொல்றேன்.

ஒன்று. சனி பகவான்கிட்ட "போயிடுங்க" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்தப் பாடம் எனக்குப் பாக்கி இருக்கு?" என்று கேளுங்க. பரீட்சையில் தோற்ற பாடமா, உடம்பைக் கவனிக்காததா, பிடிபிடிஎன் கடனா? ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அதுக்காகத் தினம் அரை மணி நேரம் கொடுங்க. நளன் எண்ணிப் பார்த்த மாதிரி, இறங்கி நின்று எண்ணுங்க.

இரண்டு. பரிகாரம் செய்ய ஆசை இருந்தால், சனிக்குச் சொந்தமான மனுஷங்களுக்குச் செய்யுங்க. தெரு கூட்டுகிறவர், குப்பை லோரியில் வருகிறவர், கட்டுமானத் தளத்தில் வெயிலில் நிற்கிற வெளிநாட்டுத் தொழிலாளி, நடக்க முடியாத முதியவர். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு வேளை சாப்பாடு, மரியாதையாக ஒரு வார்த்தை. நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கொடுத்துப் பரிகாரம் செய்யச் சொல்லி யாராவது பயமுறுத்தினால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துடுங்க. தராசில் உச்சம் பெறுகிற கடவுள் லஞ்சம் வாங்க மாட்டார்.

மூன்று. ஒரு பெரிய முடிவு எடுக்கும்போது எல்லாரையும் கேளுங்க. அம்மா அப்பாவை, ஆசிரியரை, ஜாதகம் பார்க்கணும் என்றால் அதையும். கேட்டு முடிச்சு, கோளறு பதிகம் ஒரு தடவை ஓதிட்டு, அமைதியா உட்காருங்க. பிறகு முடிவை உங்க கைப்பட ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்துப் போடுங்க. ஒரு வருஷம் கழிச்சு எடுத்துப் பாருங்க. சரியாக வந்திருந்தால் இறைவனுக்கு நன்றி சொல்லுங்க. தவறாக வந்திருந்தால் கையெழுத்து யாருடையது என்று பாருங்க. திருத்தவும் அந்தக் கையால்தான் முடியும்.

கான்கிரீட் ஊற்றிய மறுநாளே கல்லு மாதிரிதான் தெரியும். ஆனாலும் அதன் பலத்தை 28-ஆம் நாள் சோதித்துத்தான் ஏற்றுக்கொள்வோம். ஆரம்ப நாட்களில் காய்ந்துவிடாமல் தண்ணீர் விட்டுப் பாதுகாக்கணும். அந்த 28 நாளுக்குப் பரிகாரம் எதுவும் கிடையாது. சனி பகவானின் ஏழரை வருஷமும் அப்படித்தான். அவசரப்படுத்த முடியாது, ஆனால் அந்தக் காலம் முழுக்கத் தண்ணீர் ஊற்றுகிற வேலை நம்ம கையில் இருக்கு.

மெதுவாக நடக்கிறவர் அவர். நாமும் அவரோடு மெதுவாக, ஆனால் நம்ம காலால் நடப்போம்.

சிவசிவ. திருச்சிற்றம்பலம்.